தவழும் கையில் வளரும் அறிவு

"எங்கள் பிள்ளை ரொம்பச் சமர்த்து. ஏணையில் போட்டால் போட்ட இடத்திலேயே கிடக்கும். கையில் கைப்பேசியைக் கொடுத்துவிட்டால் அழுகையே கிடையாது!"

இப்படிப் பெருமையோடு சொல்லும் தாய்மார்களைத் தோட்டத்திலும் பார்க்கிறோம். தோட்டத்தை விட்டுப் பட்டணத்துத் தாமான் வீடுகளுக்குக் குடிவந்தவர்களிடமும் பார்க்கிறோம். விடியுமுன் வேலைக்குப் புறப்பட்டு, களைத்துத் திரும்பும் தாய்க்கு அமைதியான பிள்ளை ஒரு வரம்தான். அவளைக் குறை சொல்வது நம் நோக்கமல்ல. ஆனால், விழித்திருக்கும் நேரமெல்லாம் ஒரே இடத்தில் கிடக்கும் பிள்ளை எதை இழக்கிறது என்பதை ஒவ்வொரு பெற்றோரும் தெரிந்துகொள்ள வேண்டும்.

பிள்ளையின் அறிவு பாலர் பள்ளியில்தான் தொடங்குகிறது என்று நம்மில் பலர் எண்ணுகிறோம். அது சரியல்ல. எழுத்தும் எண்ணும் வருவதற்கு வெகு முன்பே, கையும் காலும் கண்ணும் வாயும்தான் பிள்ளைக்குப் பாடப் புத்தகங்கள்.

பாட்டன்மார் கண்ட பருவங்கள்

இது நமக்குப் புதிய செய்தியல்ல. பிள்ளைத்தமிழ் பாடிய நம் புலவர்கள் குழந்தைப் பருவத்தைப் பத்தாகப் பிரித்து, இன்ன மாதத்தில் இன்ன பருவம் என்று வகுத்து வைத்தார்கள். 5ஆம் மாதம் செங்கீரை. பிள்ளை ஒரு காலை மடக்கி, ஒரு காலை நீட்டி, இரு கைகளையும் தரையில் ஊன்றித் தலைநிமிர்ந்து அசைந்தாடும் காலம் அது. 9ஆம் மாதம் சப்பாணி. இரு கைகளையும் சேர்த்துக் கொட்டும் காலம். 13ஆம் மாதம் வாரானை. "வா, வா" என்றழைத்தால் தளர்நடை நடந்து வரும் காலம். 15ஆம் மாதம் அம்புலி; நிலவைக் காட்டினால் காட்டிய திசையில் பார்க்கும் காலம். 17ஆம் மாதம் சிற்றில். ஆண்பிள்ளையானால், சிறுமியர் கட்டிய மணல் வீட்டைக் காலால் சிதைக்க ஓடும் குறும்புக் காலம். 21ஆம் மாதம் சிறுதேர் உருட்டும் காலம்.

இறைவனையும் அரசனையும் குழந்தையாக வைத்துப் பாடியவர்கள், வீட்டுக் குழந்தைகளை எவ்வளவு கூர்ந்து பார்த்திருக்கிறார்கள், பாருங்கள்!

மறைத்த பொருள் எங்கே?

சுவிட்சர்லாந்து நாட்டு அறிஞர் ஜீன் பியாஜே (1896–1980) தம்முடைய மூன்று பிள்ளைகளையும் நாள்தோறும் கவனித்துக் குறிப்பெழுதினார். சிறு குழந்தையின் கண்ணெதிரே ஒரு விளையாட்டுப் பொருளைத் துணியால் மூடினால், அது பொருளைத் தேடுவதில்லை. ஏறக்குறைய 8 மாதம் ஆனதும் அதே குழந்தை துணியை இழுத்துப் போட்டுப் பொருளை எடுக்கிறது. கண்ணுக்குத் தெரியாவிட்டாலும் பொருள் அங்கேதான் இருக்கிறது என்று புரிந்து செயல்பட அதற்கு முடிகிறது. குழந்தைகள் இதைப் பியாஜே நினைத்ததைவிட முன்னதாகவே உணரத் தொடங்குகின்றன என்று பின்வந்த ஆராய்ச்சியாளர்கள் காட்டினார்கள். ஆனாலும், முதல் இரண்டு ஆண்டுகளில் குழந்தை தொட்டும் அசைத்தும் பார்த்தே உலகத்தை அறிகிறது என்ற அவர் கருத்து இன்றும் நிற்கிறது.

பிள்ளை கரண்டியைப் பத்துத் தடவை கீழே போட்டால் நமக்குக் கோபம் வருகிறது. அதற்கோ அது பெரிய ஆராய்ச்சி! போட்டால் விழுகிறது, விழுந்தால் சத்தம் வருகிறது, சத்தம் கேட்டால் அம்மா திரும்பிப் பார்க்கிறாள். 'இதைச் செய்தால் அது நடக்கும்' என்ற முதல் கணக்கை அது தன் கையாலேயே போட்டுப் பார்க்கிறது.

தோளிலிருந்து விரல் நுனிக்கு

உடலின் வளர்ச்சிக்கு ஓர் ஒழுங்குண்டு. தலையில் தொடங்கிக் காலை நோக்கி இறங்கும். தோளில் தொடங்கி விரல் நுனியை நோக்கிப் பரவும். முதலில் கழுத்து நிற்கிறது. பிறகு முதுகு நிமிர்ந்து பிள்ளை உட்காருகிறது. பிறகுதான் கால் ஊன்றுகிறது. கையும் அப்படியே. 6 மாத அளவில் முழுக்கையால் வாரிப் பிடிக்கும் பிள்ளை, 9 முதல் 12 மாதத்திற்குள் கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் சேர்த்து ஒரு சோற்றுப் பருக்கையைப் பொறுக்கி எடுக்கிறது. ஒன்றரை வயதில் கிறுக்குகிறது. 3 வயதில் வட்டம் போடுகிறது. 4 வயதில் கூட்டல் குறி போடுகிறது.

இதை ஏன் சொல்கிறோம்? விரலுக்கு வலுவில்லாத பிள்ளையிடம் பென்சிலைக் கொடுத்து "அ" எழுது என்றால் கை வலிக்கும், எழுத்து கோணும், அடி விழும், படிப்பே கசக்கும். முதலாம் ஆண்டில் "மக்கு" என்று பெயர் வாங்கும் பிள்ளைகளில் சிலர் மக்கு அல்லர். அவர்கள் விரல்களுக்குப் போதிய விளையாட்டுக் கிடைக்கவில்லை, அவ்வளவுதான்.

காசில்லாப் பயிற்சிகள்

இதற்குக் கடையில் வெள்ளி கொடுத்துப் பொம்மை வாங்க வேண்டியதில்லை.

கைக்குழந்தை விழித்திருக்கும்போது, பாய் விரித்துச் சற்று நேரம் குப்புறப் படுக்க வையுங்கள். பக்கத்திலேயே ஆள் இருக்க வேண்டும். கொஞ்சம் கொஞ்சமாக நாள் ஒன்றுக்கு மொத்தம் அரை மணி நேரமாவது வரட்டும். தூங்கும்போது மட்டும் மல்லாக்கவே கிடத்துங்கள்.

உட்காரும் பிள்ளைக்கு ஒரு காலி டப்பாவும் கரண்டியும் போதும். முகத்தைத் துணியால் மூடித் திறந்து விளையாடுங்கள். 2 வயதுப் பிள்ளை சிறுசிறு உருளைக்கிழங்குகளைக் கூடையில் போட்டு எடுக்கட்டும். 3 வயதுப் பிள்ளை நீங்கள் சப்பாத்தி தட்டும்போது ஒரு மாவு உருண்டையை உருட்டட்டும், கீரை ஆயட்டும், துணி காயப்போடும்போது கிளிப்பை அழுத்தித் தரட்டும். நொண்டி, பாண்டி, பல்லாங்குழி எல்லாம் காலுக்கும் விரலுக்கும் கணக்குக்கும் சேர்ந்த பயிற்சிகளே.

இத்தனைக்கும் கூடவே பேச்சு வேண்டும். "இது வெங்காயம், இது பெரிசு, அது சின்னது" என்று சொல்லிக்கொண்டே வேலை செய்யுங்கள். பிள்ளையைப் பார்த்துக்கொள்ளும் பாட்டிமாருக்கும் ஆயாமாருக்கும் இதையே சொல்லி வையுங்கள்.

தவிர்க்க வேண்டியவை

உலகச் சுகாதார நிறுவனம் 2019இல் வெளியிட்ட வழிகாட்டியின்படி, 2 வயது ஆகும்வரை குழந்தைக்குத் திரை எதுவும் வேண்டாம். 2 முதல் 4 வயதுவரை நாளுக்கு 1 மணி நேரத்திற்கு மேல் வேண்டாம். ஏணை தூங்குவதற்கு மட்டும் இருக்கட்டும்.

சக்கரம் வைத்த நடைவண்டியில் உட்கார வைத்தால் பிள்ளை சீக்கிரம் நடக்கும் என்பது தவறு. அது படியில் உருண்டு விழுந்து தலையில் அடிபட வைக்கும். அதனால்தான் கனடா நாடு 2004இல் அதன் விற்பனையையே தடை செய்தது. பிள்ளை நின்றபடி கையால் தள்ளும் வண்டி வேறு, அது நல்லது.

ரப்பர் கொட்டை பார்க்க அழகு. ஆனால் பருப்பில் நஞ்சுண்டு, தொண்டையிலும் அடைக்கும். சிறு பிள்ளைகள் கையில் அது வேண்டவே வேண்டாம். களைக்கொல்லி, மண்ணெண்ணெய்ப் போத்தல்கள் தவழும் பிள்ளைக்கு எட்டாத உயரத்தில் பூட்டியிருக்கட்டும்.

எப்போது கவலைப்பட வேண்டும்?

பக்கத்து வீட்டுப் பிள்ளை 10 மாதத்தில் நடந்துவிட்டதே என்று கலங்காதீர்கள். இந்தியா உட்பட 5 நாட்டுப் பிள்ளைகளைக் கவனித்து உலகச் சுகாதார நிறுவனம் 2006இல் வெளியிட்ட கணக்குப்படி, நலமான பிள்ளைகள் ஏறக்குறைய 4 மாதம் முதல் 9 மாதத்திற்குள் தாமாக உட்காருகிறார்கள். 8 மாதம் முதல் 17½ மாதத்திற்குள் தாமாக நடக்கிறார்கள். சில பிள்ளைகள் முழங்காலிட்டுத் தவழாமலே நடந்துவிடுவதும் உண்டு.

ஆனால் 9 மாதம் முடிந்தும் உட்காராத பிள்ளை, ஒன்றரை வயதாகியும் நடக்காத பிள்ளை, ஒரு வயதுக்குள்ளேயே ஒரு கையை மட்டும் பயன்படுத்தும் பிள்ளை, பெயர் சொல்லி அழைத்தால் திரும்பாத பிள்ளை, ஒன்றரை வயதிலும் ஒரு சொல்கூடப் பேசாத பிள்ளை, கற்றதை மறந்து பின்னோக்கிப் போகும் பிள்ளை ஆகியோரை உடனே அரசாங்கச் சுகாதார நிலையத்திற்குக் கொண்டுபோங்கள். "அவன் அப்பாவும் நேரங்கழித்துத்தான் நடந்தார்" என்று ஆறுதல் சொல்லிக்கொண்டு மாதங்களை ஓட்டாதீர்கள். தடுப்பூசிக்குப் போகும்போது தாதியிடம் வாய்விட்டுக் கேளுங்கள். காது கேளாமையோ தசைக் குறையோ இருந்தால், எவ்வளவு சீக்கிரம் தெரிகிறதோ அவ்வளவுக்குப் பயிற்சி பலன் தரும்.

வேலை முடிந்து வரும் தாய்க்கும் தகப்பனுக்கும் நேரம் குறைவுதான். இரவுச் சோற்றுக்கு முன் அரை மணி நேரம் போதும். கைப்பேசியை எடுத்து வைத்துவிட்டுப் பிள்ளையோடு பாயில் உட்காருங்கள். அந்தச் சின்னக் கை எதையாவது பிடிக்கட்டும், போடட்டும், மறுபடி எடுக்கட்டும். நாளைக்குப் பேனா பிடிக்கப் போவதும் அதே கைதானே!