மலைமேல் பறக்கிறீர்களா? முதலில் தாளை நிரப்புங்கள்

பலூனில் தனியாளாக உலகைச் சுற்றிய ஸ்டீவ் ஃபாசெட், 2007 செப்டம்பர் 3 அன்று நெவாடாவின் பண்ணையொன்றிலிருந்து சிறு விமானத்தில் கிளம்பினார். பறப்புத் திட்டம் பதியவில்லை. எங்கே தேடுவதென்றே தெரியாமல் பெரும் தேடல் நடந்தது. சிதைவுகள் கிடைத்தது 2008 அக்டோபரில், சியர்ரா நெவாடா மலைத்தொடரில். விமானத்தின் ஏறுதிறனை மிஞ்சிய கீழிறங்கு காற்றில் சிக்கியது என்றது விசாரணை.

இதற்குப் பிறகும், "பக்கத்து ஊர்தானே" என்று பதியாமல் கிளம்புகிறவர்கள் இருக்கிறார்கள். கண்பார்வை விதிப்படி பறப்பவருக்கு அமெரிக்காவில் திட்டம் பொதுவாகக் கட்டாயமில்லை, அதுவே சாக்கு.

பதிய அழைக்க வேண்டிய அமெரிக்கப் பறப்புச் சேவை நிலையத்தின் எண் 1-800-992-7433. வானிலை விளக்கம், திட்டப் பதிவு இரண்டுமே இலவசம். வழி, விமானத்தின் நிறம், ஆட்கள் எண்ணிக்கை, எரிபொருள் எத்தனை மணிநேரம் தாங்கும் என்பதையெல்லாம் சரியாகச் சொல்லுங்கள். பதிவதோடு வேலை முடியாது. கிளம்பியதும் திட்டத்தைச் செயல்படுத்தச் சொல்ல வேண்டும்; இறங்கியதும் முடித்துவைக்க வேண்டும். கட்டுப்பாட்டுக் கோபுரம் உங்களுக்காக அதை முடித்துவைக்காது. சேரவேண்டிய நேரத்துக்குப் பின் 30 நிமிடம் ஆகியும் தகவல் இல்லையென்றால் தேடத் தொடங்குவார்கள். பதியாதவரை எங்கே தேடுவது?

அடுத்தது, விபத்தில் சமிக்ஞை அனுப்பும் அவசர ஒலிபரப்பி. பழைய கருவிகள் அனுப்பும் 121.5 மெகாஹெர்ட்ஸ் சமிக்ஞையைச் செயற்கைக்கோள்கள் 2009 பிப்ரவரி 1 முதல் கவனிப்பதில்லை. ஆனாலும் அந்தப் பழைய கருவியை விதி இன்னும் அனுமதிக்கிறது! அதிகாரிகள் தடுக்கட்டும் என்று காத்திராமல் 406 மெகாஹெர்ட்ஸ் கருவி வாங்குங்கள். நோவா (NOAA) எனும் அமெரிக்கக் கடல், வளிமண்டல அமைப்பிடம் அதைக் கட்டாயம் பதியுங்கள், கட்டணமில்லை. 2 ஆண்டுக்கொருமுறை புதுப்பியுங்கள். பழைய விமானம் வாங்கியவர்கள் கவனிக்க: பதிவு முந்தைய உரிமையாளர் பெயரிலேயே இருந்தால், விபத்தன்று மீட்புக் குழுவின் அழைப்பு அவர் வீட்டுக்குத்தான் போகும். கருவியை 12 மாதத்துக்கொருமுறை சோதிப்பது சட்டம்.

பறக்கும்போது: முகட்டு உயரத்தில் காற்றின் வேகம் 25 நாட் அளவைத் தாண்டினால் கிளம்பாதீர்கள். முகட்டுக்கு 2,000 அடி மேலே, 45 பாகை கோணத்தில் கடந்தால் திரும்பி விலக இடமிருக்கும். வெயில் ஏறுமுன் பறங்கள். கொலராடோவின் லெட்வில் விமான நிலையம் 9,934 அடி உயரத்தில் இருக்கிறது. அங்கே 25 டிகிரி செல்சியஸ் வெயிலில் இயந்திரமும் இறக்கையும் 13,000 அடிக்கு மேல் இருப்பதுபோலவே தள்ளாடும்.

பறப்பதா வேண்டாமா என்பதில் இறுதி முடிவு விமானியுடையது. அது சட்டம் தந்த உரிமை. அவசரப்படுத்தும் பயணியிடம் தாராளமாக மறுக்கலாம். பயணிகளே, ஏறுமுன் விமானியிடம் இரண்டு கேள்வி கேளுங்கள்: திட்டம் பதிந்தாயிற்றா? 406 கருவி உங்கள் பெயரில் பதிவாகியிருக்கிறதா? இரண்டில் ஒன்றுக்கு "இல்லை" என்றாலும் ஏறாதீர்கள்.