தெளிந்த வானில் மறைந்த சுழல்கள்

மழையில்லை, இடியில்லை, வெயில் பளீரென்று அடிக்கிறது. ஆனாலும் ஹாங்காங்கில் இறங்க வரும் விமானம் திடீரெனக் குலுங்குவதுண்டு. விமான நிலையத்துக்குத் தெற்கே நிற்கும் லான்டாவ் மலைகளே காரணம். அவற்றில் உயரமான சிகரம் 934 மீட்டர். தென்கிழக்குக் காற்று முகடுகளில் மோதி, இடைவெளிகளில் புகுந்து வேகமெடுத்து, ஓடுபாதைப் பக்கம் சுழல்களாக உடைகிறது. எதிர்க்காற்று சட்டென்று 15 நாட், அதாவது மணிக்குச் சுமார் 28 கிலோமீட்டர், கூடினாலோ குறைந்தாலோ அது ‘விண்ட் ஷியர்’. தரையை நெருங்கிவிட்ட விமானத்துக்குச் சுதாரித்துக்கொள்ள உயரம் போதாது.

நிலையம் 1998-ல் திறக்கப்பட்டது. அங்கே காவலுக்கு இருந்த டாப்ளர் ரேடாருக்கு மழைத்துளி வேண்டும். வறண்ட வானில் அதற்குப் பிடிப்பில்லை. அதனால் 2002-ல் ஹாங்காங் வானிலை ஆய்வகம் லேசரால் காற்றை அளக்கும் லிடாரை நிறுவியது.

லிடார் அனுப்பும் அகச்சிவப்பு ஒளியில் துளியளவைக் காற்றில் மிதக்கும் தூசும் உப்புத்துகளும் திருப்பி அனுப்புகின்றன. துகள் காற்றோடு நகர்வதால், திரும்பும் ஒளியின் அதிர்வெண் சற்றே மாறியிருக்கும். காற்றின் வேகம் நொடிக்கு 1 மீட்டர் என்றால், 2 மைக்ரான் அலைநீள லேசரில் அந்த மாற்றம் 15 கோடியில் ஒரு பங்கு! அதை நேராக அளப்பது மிகக் கடினம். சுருதி சேராத இரு தந்திகளை ஒருசேர மீட்டினால் எழும் அலைவைக் கேட்டு வித்துவான் வேறுபாட்டை அறிவதுபோல, வந்த ஒளியைக் கருவிக்குள்ளேயே இருக்கும் இன்னொரு லேசரோடு கலந்து கண்டுபிடிக்கிறார்கள்.

ஒரு குறை உண்டு. கதிர் போகும் திசையில் உள்ள வேகம் மட்டுமே லிடாருக்குத் தெரியும். குறுக்கே வீசுவது தெரியாது. ஆய்வகத்தார் கதிரை விமானம் இறங்கும் சரிவுப் பாதை நெடுகத் திருப்பினார்கள். விமானிக்குத் தெரியவேண்டியதும் அந்த எதிர்க்காற்றுதானே! கருவியைவிட இந்த யோசனைதான் எனக்குப் பெரிதாகப் படுகிறது.

கொந்தளிப்பை அளப்பது இதைவிடக் கடினம். ஒவ்வொரு அளவீடும் ஏறத்தாழ 100 மீட்டர் நீளக் காற்றின் சராசரி என்பதால், சிறு சுழல்கள் அதில் கரைந்துபோகும். இங்கே கைகொடுப்பது ரஷ்யக் கணித மேதை கோல்மகோரவ் 1941-ல் வகுத்த கோட்பாடு. பெருஞ்சுழல் உடைந்து சிறுசுழலாகி, அதன் ஆற்றல் படிப்படியாக இறங்கி, கடைசியில் வெப்பமாகிறது. அருகருகே உள்ள இடங்களின் வேக வேறுபாட்டிலிருந்து அந்த ஆற்றல் இழப்பைக் கணக்கிடலாம். அதன் கனமூலம்தான் விமானத்துறையின் கொந்தளிப்பு அளவுகோல். விமானத்தின் எடையைப் பொறுத்து இது மாறுவதில்லை.

அடர்ந்த மூடுபனியிலும் பெருமழையிலும் லேசர் தொலைவு போகாது. மழையில் ரேடார்தான் துணை. லிடார் வந்தபின்னும் அதைக் கழற்றாமல் வைத்திருப்பது அதனால்தான்.