டெக்சாஸில் இருப்பதா, கிளம்புவதா? கர்ப்பிணிகளின் குழப்பம் ஏன்?

2022 ஜூன் 24-ல் ரோ வழக்குத் தீர்ப்பை அமெரிக்க உச்சநீதிமன்றம் ரத்து செய்தது. அன்று முதல் கருக்கலைப்பு அந்தந்த மாகாணத்தின் முடிவு. டெக்சாஸில் கிட்டத்தட்ட முழுத் தடை. பாலியல் வன்கொடுமைக்கும் விலக்கு கிடையாது.

தாயின் உயிருக்கு ஆபத்து என்றால் செய்யலாம். ஆனால் எது ஆபத்து? கணிப்பு தப்பினால் டாக்டருக்கு ஆயுள் தண்டனை வரை போகலாம். ஆபத்து உடனடியாக இருக்க வேண்டியதில்லை என 2025-ல் திருத்தினார்கள். தண்டனை அப்படியே இருக்கு. குழந்தை வேணும்னு ஆசைப்படுறவங்களுக்கும் இதுதான் பயம்.

பக்கத்து நியூ மெக்சிகோவில் அனுமதி உண்டு. ஆனால் நடுராத்திரியில் ரத்தப்போக்கு ஆரம்பித்தால்? டல்லாஸிலிருந்து எல்லைக்கே காரில் 5 மணி நேரத்துக்கு மேல்.

ஒரேயடியா வீடு மாறிடலாமே என்பது சொல்ல சுலபம். ஹெச்-1பி விசாவில் இருக்கும் நம்ம ஊர் ஐடி தம்பதிக்கு, வேலை பார்க்கும் ஊர் மாறினாலே நிறுவனம் புதிதாக மனு போடணும்.