மணத்தி முதல் ஹிரோஷிமா வரை

பந்து இல்லை, மட்டை இல்லை, காலணிகூட வேண்டியதில்லை. ஒரு துண்டு நிலமும் சில கோடுகளும் இருந்தால் போதும், ஆட்டம் தொடங்கிவிடும். சடுகுடு என்று நம் முன்னோர் ஆடிய கபடி அத்தகைய எளியோர் விளையாட்டு. அதைக் கொண்டே ஆசிய அரங்கம் ஏறிய நம் வட்டாரத்து வீரர் ஒருவரைப் பற்றி இங்கே எழுத விழைகிறேன். அவர்தாம் மணத்தி கணேசன்.

மணத்தி, திருச்செந்தூர் வட்டாரத்துச் சிற்றூர். 1986-இல் தூத்துக்குடி தனி மாவட்டமாகப் பிரியும்வரை அதுவும் நம் திருநெல்வேலி மாவட்டமே. ஆகவே அவரை நம்மவர் என்று சொல்லிக்கொள்ள நமக்கு உரிமை உண்டு.

ஆட்டத்தின் இலக்கணத்தைச் சற்றுப் பார்ப்போம். 13 மீட்டர் நீளமும் 10 மீட்டர் அகலமும் கொண்ட களத்தை நடுக்கோடு இரண்டாகப் பிரிக்கிறது. பக்கத்துக்கு எழுவர். பாடிச் செல்பவர் 'கபடி, கபடி' என்று விடாது சொல்லிக்கொண்டே எதிரணிக்குள் நுழைந்து, ஆளைத் தொட்டு, 30 விநாடிக்குள் நடுக்கோட்டுக்குத் திரும்ப வேண்டும். பாட்டு அறுந்தாலும், பிடிபட்டுத் திரும்ப முடியாமற்போனாலும் அவர் வெளியேற வேண்டியதுதான். பிடிப்பவர்களோ ஒருவர் கையை ஒருவர் பற்றிச் சங்கிலியாய் நிற்பர். ஒரு கை நழுவினால் சங்கிலியே அறும்.

1936-இல் பெர்லின் ஒலிம்பிக்கின்போது காட்சி ஆட்டமாக ஆடப்பட்ட கபடி, ஆசிய விளையாட்டுப் போட்டியில் பதக்கத்துக்குரிய ஆட்டமாக 1990-இல்தான் இடம்பெற்றது. அவ்வாண்டு பெய்ஜிங்கிலும், 1994-இல் ஹிரோஷிமாவிலும் இந்தியாவே தங்கம் வென்றது. ஹிரோஷிமாவில் வென்ற அணியில் நம் கணேசன் இருந்தார். 1995-ஆம் ஆண்டுக்கான அர்ச்சுனா விருதும் அவருக்குக் கிடைத்தது.

அந்த 1995-ஐ நாம் மறக்கலாகாது. தென் மாவட்டங்களில் சாதிக் கலவரத் தீ மூண்டெரிந்த ஆண்டு அது. ஒரு புறம் ஊர்கள் ஒன்றையொன்று பகைத்து நின்றன. மறுபுறம் இம்மண்ணின் மைந்தர் ஒருவர் நாடு முழுமைக்கும் பெருமை சேர்த்திருந்தார். அவரது வாழ்வைத் தழுவி, கற்பனையும் கலந்து, மாரி செல்வராஜ் இயக்கிய 'பைசன்' திரைப்படம் 2025-இல் வெளிவந்தது. அதன் பின்னரே அவர் பெயரை அறிந்தவர் நம்முள் பலர்.

தொட்டால் தீட்டு என்று கற்பித்த சமுதாயத்தில், தொட்டால்தான் புள்ளி என்கிறது கபடி. ஆயினும் எங்கள் ஊர்ப் பக்கத்தில் கபடி அணிகளே தெருவாரியாக, அதாவது சாதிவாரியாக, பிரிந்து நிற்பதைக் கண்டு நான் வருந்தியதுண்டு. நாட்டின் அணியில் அவ்வாறு நிற்க இயலுமா? பக்கத்தில் நிற்பவன் எத்தெரு என்று கேட்டுக்கொண்டிருந்தால் பாடி வந்தவன் தப்பிவிடுவான். அவன் பிடி உறுதியா என்பதொன்றே அங்கே கேள்வி.

நண்பர்களே, நம் கல்லூரி ஆடுகளத்திலும் அந்த ஒரு கேள்வியே எழட்டும். மணத்தியிலிருந்து ஹிரோஷிமா சென்ற வீரருக்கு நாம் செய்யும் சிறப்பு அதுவே ஆகும்.