ஒரு நாள் கூலியும் ஓர் இலவசச் சிகிச்சையும்

ஏழை நாடுகளின் மருத்துவச் செலவைப் பற்றிப் பேசுகிறவர்கள் வழக்கமாக இரண்டு கேள்விகளையே எழுப்புகிறார்கள்: பணம் எங்கிருந்து வரும், நோயாளியிடம் எவ்வளவு வாங்கலாம். மூன்றாவதாக ஒன்று உண்டு. பட்ஜெட் புத்தகத்தில் தேடினால் அது கிடைக்காது. சிகிச்சை முழுக்க இலவசமாகவே இருந்தாலும், அதைப் பெற்றுக்கொள்ள நோயாளியின் கையிலிருந்து எவ்வளவு போகிறது? தேனி மாவட்டத்துக் கம்பம் பள்ளத்தாக்கில் இந்தக் கணக்கைப் போடுவது எளிது. கூடலூர், கம்பம், போடிப் பக்கத்து ஆட்கள் பலர் விடியும் முன்பே ஜீப்பில் ஏறி, குமுளி, கம்பம்மெட்டு, போடிமெட்டு வழியாக இடுக்கி மாவட்டத்து ஏலத்தோட்டங்களுக்கு வேலைக்குப் போகிறவர்கள். அரசு மருத்துவமனையில் புறநோயாளிப் பிரிவு நடக்கும் நேரத்தில் இவர்கள் மலைமேல் இருப்பார்கள். இவர்கள் மாவட்டத்தின் பெரிய மருத்துவமனையான தேனி அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை க.விலக்கில் இருக்கிறது, கூடலூரிலிருந்து ஐம்பது கிலோமீட்டருக்கு மேல். அங்கே சீட்டுக்குக் காசில்லை, மாத்திரைக்குக் காசில்லை. ஆனால் அன்றைய கூலி போய்விடும், துணைக்கு வந்தவரின் கூலியும் போய்விடும், சாப்பாட்டுச் செலவு தனி. நகரப் பேருந்தில் பெண்களுக்கு 2021 முதல் கட்டணம் இல்லை என்பது ஓரளவு ஆறுதல். இந்த மறைமுகக் கட்டணத்தைக் குறைப்பதற்குச் செலவிடும் பணம்தான் பொது சுகாதாரத்தில் அதிகப் பலன் தரும் என்பது என் வாதம்.

இதற்கான நல்ல சான்று தேனியிலேயே இருக்கிறது. அரசுப் பணியிலிருந்து ஓய்வு பெற்ற டாக்டர் கோ. வெங்கடசாமி 1976-இல் மதுரையில் 11 படுக்கைகளோடு அரவிந்த் கண் மருத்துவமனையைத் தொடங்கினார். தேனிக் கிளை 1985-இல் வந்தது. பணம் கட்டுகிறவர்களின் வருமானத்தைக் கொண்டு கட்ட முடியாதவர்களுக்கும் அறுவை சிகிச்சை செய்வது அதன் வழி. 1992-இல் ஆரோலேப் என்ற தயாரிப்பு நிறுவனத்தையும் அவர்களே தொடங்கி, கண்ணுக்குள் பொருத்தும் லென்ஸின் விலையை இறக்குமதி விலையில் மிகச் சிறு பங்காகக் குறைத்தார்கள். உலகின் மேலாண்மைப் பள்ளிகளில் பாடமாக நடத்தப்படுவது இந்தப் பகுதிதான். அதைவிட முக்கியமான பாடம் வேறொன்று என்று எனக்குத் தோன்றுகிறது. விலை இறங்கியது, கண் பரிசோதனை முகாம்கள் கிராமத்துக்கே வந்தன, ஏழைகளுக்கு அறுவையும் இலவசம். இருந்தும், தமிழகக் கிராமங்களில் நடந்து 1999-இல் வெளியான ஓர் ஆய்வின்படி, கண் கோளாறு உள்ளவர்களில் முகாமுக்கு வந்தவர்கள் ஏறத்தாழ 7 சதவீதம் பேர்தான். பயம், வீட்டை விட்டு வர முடியாமை, 'இருக்கிற பார்வையே போதும்' என்ற நினைப்பு எனக் காரணங்கள் பல. என்றைக்கோ ஒருநாள் வரும் முகாம், அன்றைக்கு வேலை இருக்கிறவருக்கு வராத முகாம்தான்.

முகாமுக்குப் பதிலாக என்றும் திறந்திருக்கும் இடம் வேண்டும் என்ற முடிவு அங்கிருந்துதான் வந்தது. 2000-களின் நடுப்பகுதியில் அம்பாசமுத்திரம் (திருநெல்வேலிப் பக்கத்து ஊர் அல்ல, தேனிக்கு அருகே உள்ள கிராமம்), போடி, சின்னமனூர், பெரியகுளம், ஆண்டிபட்டி ஆகிய இடங்களில் சிறு பார்வை மையங்கள் திறக்கப்பட்டன. பெர்க்லி பல்கலைக்கழக ஆராய்ச்சியாளர்கள் அமைத்துக் கொடுத்த நெடுந்தொலைவு வைஃபை மூலம் அவை தேனி மருத்துவமனையோடு இணைந்தன. பயிற்சி பெற்ற பெண் பணியாளர் கண்ணைச் சோதிப்பார். தேனியில் இருக்கும் மருத்துவர் திரையில் நோயாளியோடு பேசுவார். தொழில்நுட்பத்தை அதிகம் சோதித்தது தூரம் அல்ல, நம்மூர் மின்சாரம். மின்னழுத்தம் ஏறி இறங்கியதில் கருவிகள் பழுதாயின. அவற்றைச் சரிசெய்ய உள்ளூர் ஆட்களைப் பழக்கிய பிறகுதான் இணைப்பு நிலைத்தது. 20 ரூபாய் அளவிலான ஆலோசனைக் கட்டணமும் கண்ணாடி விற்பனையும் மையத்தின் செலவைப் பெரும்பாலும் ஈடுகட்டின. வந்தவர்களில் பெரும்பாலோரின் பிரச்சினை அங்கேயே தீர்ந்தது. முகாமில் ஒன்றும் கட்டத் தேவையில்லை, மையத்தில் அப்போது 20 ரூபாய் கட்ட வேண்டியிருந்தது. ஆனால் ஒரு நாள் கூலியோடு ஒப்பிட்டால் மையம்தான் மலிவு.

கண்ணை விட்டுவிட்டு ரத்த அழுத்தத்துக்கு வருவோம். தமிழக அரசு 2020-இல் நடத்திய கணக்கெடுப்பில், உயர் ரத்த அழுத்தம் உள்ளவர்களில் அது கட்டுக்குள் இருந்தவர்கள் 7.3 சதவீதம், சர்க்கரை நோயாளிகளில் 10.8 சதவீதம். மாத்திரை இல்லாத மாநிலம் அல்ல இது. 1994-இல் அமைக்கப்பட்ட தமிழ்நாடு மருத்துவப் பணிகள் கழகம் மொத்தமாக டெண்டர் விட்டு, தரம் சோதித்து, மாவட்டக் கிடங்குகள் வழியாக மருந்து அனுப்பும் முறையைப் பிற மாநிலங்கள் பார்த்துப் பின்பற்றின. ஆரம்ப சுகாதார நிலையம் வரை மாத்திரை வந்துவிட்டது. அங்கிருந்து வீடு வரைதான் வரவில்லை. 2021 ஆகஸ்ட் 5 அன்று கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' அந்த மிச்சத் தூரத்துக்கான திட்டம். மகளிர் சுய உதவிக் குழுக்களிலிருந்து தேர்ந்தெடுக்கப்பட்ட தன்னார்வலர்கள் வீட்டுக்கே போய் ரத்த அழுத்தம் பார்த்து மாத்திரை கொடுக்கிறார்கள். இதன் பின்னணியில் உலக வங்கியின் கடனும் உண்டு. 2019-இல் ஒப்புதல் பெற்ற 28.7 கோடி டாலர் திட்டத்தில், கட்டடம் கட்டியதற்கான ரசீதைக் காட்டிப் பணம் வாங்க முடியாது. ஒப்புக்கொண்ட பலன்களை எட்டினால்தான் தவணை வரும். நீரிழிவையும் ரத்த அழுத்தத்தையும் கட்டுக்குள் கொண்டுவருவது அவற்றில் ஒன்று. திறப்புவிழாக்களுக்கு இது அவ்வளவு உவப்பான நிபந்தனை அல்ல.

அரவிந்த் தன் காலில் நிற்கிறதே, எல்லா மருத்துவத்தையும் அப்படியே நடத்தினால் அரசுக்கு ஏன் செலவு என்று கேட்பவர்கள் உண்டு. கண்புரை அறுவை ஒருமுறைச் செலவு; பலன் மறுநாளே தெரியும்; பணமுள்ளவரும் வருவார், இல்லாதவரும் வருவார். அதனால்தான் ஒருவர் கட்டியதில் இன்னொருவருக்குச் செய்ய முடிகிறது. அங்கேயும்கூட அரசின் பங்கு இல்லாமல் இல்லை: 1994-இல் தமிழகம் உட்பட 7 மாநிலங்களில் தொடங்கிய கண்புரைத் திட்டத்துக்கு உலக வங்கி சுமார் 11.8 கோடி டாலர் கடன் தந்தது. ரத்த அழுத்தக்காரர் ஆயுள் முழுக்க மாத்திரை சாப்பிட வேண்டும், அதனால் எதுவும் நடந்ததாக அவருக்குத் தெரியாது. தெரியாத பலனுக்கு யார் காசு கொடுப்பார்? கொசு ஒழிப்புக்குக் கட்டணம் வசூலித்தால், கட்டாத வீட்டுக் கொசு கட்டிய வீட்டுக்கும் வரும். கம்பம் பள்ளத்தாக்குக்கு இது பழைய அனுபவம். பிளேக் இங்கே விடாமல் திரும்பத் திரும்ப வந்ததால் எலி, தெள்ளுப்பூச்சி பற்றித் தனி விசாரணையே நடந்தது. ஜார்ஜ், வெப்ஸ்டர் என்ற ஆய்வாளர்கள் இருவரும் அதன் முடிவுகளை 1934-இல் இந்திய மருத்துவ ஆராய்ச்சி இதழில் வெளியிட்டார்கள். எந்த வீட்டு எலிக்கு யார் செலவு செய்வது என்று அன்றைக்குப் பிரித்திருந்தால் ஊரே காலியாகியிருக்கும்.

காப்பீட்டு அட்டை போதாதா என்பது அடுத்த கேள்வி. முதலமைச்சரின் காப்பீட்டுத் திட்டம் பெரிய அறுவைக்கு உண்மையிலேயே கைகொடுக்கிறது, மறுக்க ஒன்றுமில்லை. ஆனால் அது படுக்கையில் சேர்ந்த பிறகு திறக்கும் கதவு. பக்கவாதம் வந்த பிறகு பணம் தரும் திட்டம், வராமல் தடுக்கும் மாத்திரைக்குத் தருவதில்லை. நாட்டின் மொத்த மருத்துவச் செலவில் மக்கள் சொந்தக் கையிலிருந்து கொடுப்பது 2013-14-இல் 64.2 சதவீதம், 2021-22-இல் 39.4. குறைந்ததற்கு மகிழலாம். அதே ஆண்டு அரசுகள் சுகாதாரத்துக்குச் செலவிட்டது மொத்த உள்நாட்டு உற்பத்தியில் 1.84 சதவீதம், 2025-க்குள் 2.5 ஆக்குவோம் என்று 2017-இன் தேசிய சுகாதாரக் கொள்கை சொன்னது.

எனக்கே உறுத்தும் மறுப்பு ஒன்று இருக்கிறது. வாசலுக்கு வரும் மருத்துவம் மலிவாக இருக்கிறதென்றால், அதைக் கொண்டுவரும் பெண்ணின் உழைப்பு மலிவாக இருப்பதும் ஒரு காரணம். 'தன்னார்வலர்' என்று பெயரிட்டு ஊதியத்தை ஊக்கத்தொகையாகச் சுருக்குவது, நோயாளியின் கூலி இழப்பைக் காப்பாற்றி ஊழியரின் கூலியைக் குறைப்பதாகும். கடைசி மைலுக்கான செலவு உண்மையில் எவ்வளவு என்பது அவருக்கு முறையான சம்பளம் கொடுத்தால்தான் தெரியவரும். அப்போதும், ஒரு பக்கவாத நோயாளியைப் பல மாதங்கள் வீட்டிலிருந்து கவனிக்க ஆகும் செலவோடு ஒப்பிட்டால் அது அதிகமாக இருக்காது.

அக்டோபர் 2 கிராம சபையில் புது மருத்துவமனைக் கட்டடம் கேட்டு மனு கொடுப்பவர்கள், அதே மனுவில் இரண்டு வரி சேர்க்கட்டும்: எங்கள் ஊருக்கு மாத்திரை கொண்டுவரும் அம்மா தோட்டத்து ஜீப் திரும்பிய பிறகும் வரட்டும், அதற்கான சம்பளத்தை அவருக்கு முழுதாகக் கொடுங்கள்.