கூடி ஆராதிப்பது ஏன்?

கவ்வாத்துக்குப் போகிற நம்ம ஆட்களுக்குத் தெரியும், கத்தி தன்னைத்தானே தீட்டிக்கொள்ளாது. வேதாகமத்தில் நீதிமொழிகள் 27-ஆம் அதிகாரமும் இதைத்தான் சொல்கிறது. இரும்பைக் கூராக்க இன்னொரு இரும்பு வேணும், மனுஷனும் அப்படித்தானாம்.

அந்தப் புத்தகத்தில் 31 அதிகாரங்கள். மாதத்தில் நாளுக்கு ஒன்றாக வாசிக்கிற வீடுகள் உண்டு. நல்லதுதான். ஆனால் தனியே வாசிக்கும்போது, கோபக்காரன், குடிகாரன் என்று வருகிற இடமெல்லாம் நமக்கு அடுத்த காம்பராக்காரர் ஞாபகம்தான் வரும்! 23-ஆம் அதிகாரத்தில் மதுபானத்தைப் பற்றி வருவதைச் சபையில், மனைவி பிள்ளைகள் பக்கத்தில் இருக்கக் கேட்டுப் பாருங்கள். தப்பிக்க முடியாது. வாசிக்கத் தெரியாத பாட்டிக்கும் அங்கேதான் வசனம் காதில் விழும்.

லயத்தில் சண்டை வந்தால் முதலில் நின்றுபோவது ஞாயிறு ஆராதனைதான். "அவன் வர்ற இடத்துக்கு நான் வரமாட்டேன்" என்கிறோம். இது புதுசு இல்லை. சிலர் கூடிவருவதை விட்டுவிட்டார்கள் என்று எபிரெயர் நிருபம் 10-ஆம் அதிகாரத்திலேயே இருக்கிறது. மத்தேயு 5-இல் இயேசு என்ன சொன்னார்? காணிக்கையைப் பலிபீடத்தின் முன்னே வைத்துவிட்டுப் போய், சகோதரனோடு முதலில் சமாதானமாகி, பிறகு வந்து செலுத்தச் சொன்னார். வீட்டிலேயே இருந்துவிடச் சொல்லவில்லை.