கேம் ஐடியாவைக் காப்பாற்ற முடியுமா?

2014 பிப்ரவரியில் 'த்ரீஸ்' என்ற மொபைல் கேம் வெளியானது. நான்குக்கு நான்கு கட்டம். ஒன்றும் இரண்டும் சேர்ந்தால் மூன்று; மூன்றும் மூன்றும் சேர்ந்தால் ஆறு. இப்படி எண்களைத் தள்ளித் தள்ளிச் சேர்த்துக்கொண்டே போக வேண்டும். பார்க்க எளிதான இந்த ஆட்டத்தை உருவாக்க ஆஷர் வோல்மர், க்ரெக் வோல்வெண்ட் இருவருக்கும் 14 மாதங்கள் ஆயின.

அடுத்த மாதமே '2048' வந்துவிட்டது. அதே அளவு கட்டம், கிட்டத்தட்ட அதே ஆட்டம். இத்தாலியைச் சேர்ந்த 19 வயது கேப்ரியேலே சிருல்லி, ஒரே வார இறுதியில் செய்து இலவசமாக வெளியிட்டார். 'த்ரீஸ்' காசு கொடுத்து வாங்க வேண்டிய கேம். அந்த ஆண்டின் சிறந்த ஐபோன் கேம் என்று ஆப்பிள் அதைத்தான் தேர்ந்தெடுத்தது. ஆனால், உங்கள் வீட்டில் கேட்டுப் பாருங்கள்... '2048' ஆடியவர்கள்தான் அதிகம் இருப்பார்கள்!

சட்டம் என்ன சொல்கிறது?

காப்பிரைட் சட்டம் வெறும் ஐடியாவைப் பாதுகாப்பதில்லை. 'ஆட்டம் ஆடும் முறைக்கு பேடன்ட் கிடையாது' என்கிறது இந்திய பேடன்ட் சட்டத்தின் 3(எம்) பிரிவு. எனவே, 'எண்களைச் சேர்க்கும் ஆட்டம்' என்ற யோசனைக்கு நீங்கள் சொந்தம் கொண்டாட முடியாது.

ஆனால், நீங்கள் வரைந்த படங்கள், எழுதிய புரோகிராம், போட்ட இசை ஆகியவற்றுக்கு காப்பிரைட் உண்டு. கேமின் பெயரை டிரேட்மார்க்காகப் பதிவு செய்யலாம். 'டெட்ரிஸ்' போலவே 'மினோ' என்றொரு கேம் வந்தபோது, 2012-ல் அமெரிக்க நீதிமன்றம் சொன்னது இதுதான்: விதிகளை எடுத்துக்கொள்ளலாம், துண்டுகளின் வடிவம், பலகையின் அளவு என்று தோற்றத்தை அப்படியே நகல் எடுக்கக் கூடாது.

நிறுவனத்திடம் போகும்போது...

* வெறும் ஐடியாவோடு போகாதீர்கள். ஆடிப் பார்க்கக்கூடிய ஒரு மாதிரியைச் செய்துகொள்ளுங்கள். அட்டையும் பேப்பரும்கூடப் போதும்.

* வரைபடங்கள், குறிப்புகள், மெயில்கள் எல்லாவற்றையும் தேதியோடு சேமியுங்கள். நாளை பிரச்னை வந்தால் இவைதான் சாட்சி.

* ரகசிய ஒப்பந்தம் கேட்டுப் பார்க்கலாம். வெறும் ஐடியாவுக்கு அதில் கையெழுத்துப் போட பல நிறுவனங்கள் முன்வருவதில்லை. அப்படியானால் ஆட்டத்தைக் காட்டுங்கள், புரோகிராமைக் கொடுக்காதீர்கள்.

* பணம் எப்படி வரும் என்பதை எழுத்தில் வாங்குங்கள்.

கடைசி விஷயம் மிக முக்கியம். நம் வீடுகளில் 'டிரேட்', 'பிசினஸ்' என்ற பெயர்களில் ஆடுகிறோமே, அந்த 'மோனோபோலி'க்கு மூலம் எலிசபெத் மேகி என்ற அமெரிக்கப் பெண் உருவாக்கிய ஆட்டம். 1904-லேயே அதற்கு அமெரிக்காவில் பேடன்ட் வாங்கியவர் அவர். 1935-ல் பார்க்கர் பிரதர்ஸ் நிறுவனம் அவரது பேடன்ட்டை 500 டாலருக்கு வாங்கியது. ராயல்டி எதுவும் இல்லை. அதன்பின் உலகமெங்கும் 'மோனோபோலி' விற்றது. அவருக்கு அதில் பங்கே கிடைக்கவில்லை.

மொத்தமாக ஒரு தொகையா, விற்பனையில் பங்கா? கையெழுத்துப் போடும் முன், ஒரு வக்கீலிடம் காட்டிவிட்டு முடிவெடுங்கள்.